காலியாக ஓடும் கிலோமீட்டர்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், வயது 39. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இப்போது முழுநேரமாக இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் கார்) ஓட்டுகிறேன். என் காடி பெரோடுவா பெசா 1.3 ஆட்டோ கியர் கார், புதிதாக வாங்கியது. 9 வருடக் கடனில் இது ஐந்தாவது வருடம், மாதத் தவணை 560 வெள்ளி (ரிங்கிட்). காலை 6 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடும். மாதத்தில் 26 நாள் ஓட்டுகிறேன், சுமார் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கம்பெனி கமிஷனைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போடுவது 5,200 வெள்ளி அளவில் வரும். பெட்ரோல் எண்ணெய்க்கு மட்டும் 850 வெள்ளி போகிறது. காடி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. மனைவி மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடையில் வேலை செய்கிறார், பழைய விவா காரில் போய் வருகிறார், பார்க்கிங் ஒரு நாளைக்கு 8 வெள்ளி. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளி வேனில் போகிறார்கள்.

எவ்வளவு ஓடினாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எண்ணெய் விலை இன்னும் ஏறும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் எண்ணெய் மிச்சம் பிடிக்கும் கருவி ஒன்றை 180 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? இதை விற்றுவிட்டு மின்சாரக் காடிக்கு மாறலாமா? மனைவியின் ஐசியை (அடையாள அட்டையை) போட்டு என் காடிக்கு மானிய விலையில் எண்ணெய் ஊற்றலாமா? செலவைக் குறைக்க சர்வீஸை 15,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஒரு வாரத்து ஆப் விவரத்தையும் மீட்டர் படத்தையும் இணைத்திருக்கிறேன். போன மாதத் தவணை இன்னும் கட்டவில்லை.

– செந்தூல் வாசகர்

பதில்:

தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் தவணையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எண்ணெயைப் பற்றி அடுத்த வாரம்கூடப் பேசலாம், இதைத் தள்ளிப் போட முடியாது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காடியை எடுத்துக்கொள்ளப் போவதாக வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு உங்களுக்கு 21 நாள் அவகாசம். காடியின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்தவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காடியை எடுக்க முடியாது. ஆனால் நீங்கள் ஐந்தாவது வருடத்தில்தான் இருக்கிறீர்கள், அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இன்னும் வரவில்லை. மற்றவருக்குக் காடி போனால் காடி மட்டும்தான் போகும். உங்களுக்கு வேலையும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே இந்த மாதத் தவணைத் தேதிக்கு முன்னால் நீங்களே வங்கிக்கு நேரில் போங்கள். கட்ட முடியாத காரணத்தைச் சொல்லி, தவணையை மாற்றி அமைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதனால் வங்கிக்கு உங்கள் நிலைமை தெரியாமலே போகிறது, கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தனியாகப் போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் ஏகேபிகே இருக்கிறது. கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காக 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏற்படுத்திய அமைப்பு அது. கட்டணம் கிடையாது. உங்கள் வரவு செலவைப் பார்த்து, தேவைப்பட்டால் வங்கியோடு பேசித் திருப்பிக் கட்டும் திட்டமும் போட்டுத் தருவார்கள். இதற்காகக் காசு கேட்டு வரும் இடைத்தரகர் யாரிடமும் போகாதீர்கள்.

சரி, இப்போது எண்ணெய்க்கு வருவோம். டாக்சி, லோரி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு வருடக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் 850 என்று பார்த்ததும் பென்சிலை எடுத்துவிட்டேன். மாதம் 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் 400 லிட்டர் ஆகிறது. அத்தனையும், ஐசியைக் காட்டி மானிய விலையில் ஊற்றும் அரசாங்கத் திட்டமான பூடி95-இன் விலையான 1.99-இல் ஊற்றியிருந்தால் 796 வெள்ளிதான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 300 லிட்டரை 1.99-இலும் மீதி 100 லிட்டரை மானியம் இல்லாத விலையிலும் ஊற்றியிருந்தால்? 2025 செப்டம்பர் இறுதியில் திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2.60. அப்படிக் கணக்குப் போட்டால் 597-உம் 260-உம் சேர்ந்து 857 வருகிறது. நீங்கள் எழுதிய தொகையோடு ஒத்துப்போகிறது.

எனக்குத் தெரிவது இதுதான்: திட்டம் தொடங்கியபோது தகுதியுள்ள எல்லா வாகனமோட்டிகளுக்கும் கொடுத்த 300 லிட்டர் ஒதுக்கீடு மட்டும்தான் உங்கள் கணக்கில் ஓடியிருக்கிறது. முழுநேர இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு அதற்கு மேல் கூடுதல் ஒதுக்கீடு உண்டு. எந்த ஓட்டுநர் எவ்வளவு ஓட்டுகிறார் என்ற விவரம் நீங்கள் ஓட்டும் நிறுவனத்திடமிருந்துதான் அரசாங்கத்துக்குப் போகிறது. நிறுவனத்தில் பதிவான ஐசி எண் சரியாக இருக்கிறதா, ஓட்டுநர் உரிமமும் பயணிகளை ஏற்றுவதற்கான பிஎஸ்வி உரிமமும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு அவர்களின் உதவி மையத்தில் உங்கள் பெயர் பட்டியலில் போயிருக்கிறதா என்று கேளுங்கள். பூடி மடானி இணையத்தளத்தில் ஐசி எண்ணைப் போட்டு மிச்சம் எவ்வளவு என்று மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஒதுக்கீடு எவ்வளவு என்பதை அரசாங்கம் மாற்றினாலும் அங்கே தெரிந்துவிடும். மேலே போட்ட கணக்குப்படி இந்த ஒரு வேலைக்கே மாதம் 61 வெள்ளி வித்தியாசம்.

மனைவியின் ஐசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. ஒதுக்கீடு ஆளுக்குத்தான், காடிக்கு இல்லை. ஒருவரின் அடையாள அட்டையை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். உங்களுக்கு உரிமையான கூடுதல் ஒதுக்கீட்டை வாங்காமல் வைத்துக்கொண்டு, அதற்காக வேறு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

விலை ஏறும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் 2.15-இலிருந்து 3.35 ஆனபோது சின்ன லோரி வைத்திருந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தவள் நான். ரோன் 95 பெட்ரோல் பல வருடம் 2.05-இலேயே நின்றதால் விலை ஏற்ற இறக்கமே நமக்கு மறந்துபோயிருந்தது. இப்போது மானியம் இல்லாத விலை வாராவாரம் மாறுகிறது. ஆனால் உங்கள் நிலைமையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 10 சென் ஏறினால் 400 லிட்டருக்கு மாதம் 40 வெள்ளி. வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வாரத்து விவரத்தில் இதைவிடப் பல மடங்கு பணம் கரைந்துபோயிருக்கிறது.

மீட்டர் படப்படி அந்த வாரம் காடி ஓடியது 1,400 கிலோமீட்டர். ஆப் விவரத்தில் பயணியை வைத்து ஓடியது 840. மீதி 560 கிலோமீட்டர் பின்சீட்டில் ஆள் இல்லாமல் ஓடியிருக்கிறது. பத்துக்கு நாலு கிலோமீட்டர் சும்மா.

ஒரு கிலோமீட்டர் ஓட உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். எண்ணெய் 14 சென். நாலு டயரும் மாற்ற 750 வெள்ளி, 40,000 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2 சென். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், பெரிய சர்வீஸ் சின்ன சர்வீஸ் எல்லாம் சேர்த்துச் சராசரி 300 வெள்ளி என்றால் 3 சென். பிரேக், பேட்டரி, அப்சார்பர், ஏர்கோன் என்று ஒன்று மாற்றி ஒன்று வருமே, அதற்கு 4 சென். உங்கள் காடியின் வயதில் இருக்கும் வண்டிகளின் பட்டறை பில்களைப் பார்த்து நான் வழக்கமாகப் போடும் தொகை அது. மொத்தம் 23 சென். இதற்கு மேல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியவை இருக்கின்றன. தவணை 560. காப்புறுதி, 70 வெள்ளி சாலை வரி, பரிசோதனை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,400 என்று வைத்தால் மாதம் 117. காலியாகத் திரும்பும்போது உங்கள் கையிலிருந்து போகும் டோல் 120 என்று வைக்கிறேன்.

கூட்டிப் பாருங்கள். ஓட்டச் செலவு 1,380, நிலையான செலவு 797, ஆக 2,177. 5,200-இல் அதைக் கழித்தால் 3,023 வெள்ளி. உங்கள் மாதச் சம்பளம் அதுதான் தம்பி. 5,200 உங்கள் சம்பளம் இல்லை.

"கையில் ஒன்றும் நிற்பதில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. டயர், சர்வீஸ், பட்டறை மூன்றுக்கும் சேர்த்து மாதம் 540 வெள்ளி ஆகிறது. ஆனால் அது மாதாமாதம் கையை விட்டுப் போவதில்லை. வராத மாதத்தில் அந்த 540-உம் வீட்டுச் செலவில், பள்ளிச் செலவில், கல்யாண மொய்யில் கலந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் டயரும் பிரேக்கும் ஒன்றாக வந்து நிற்கும்போது தவணைக் காசில் கை வைக்க வேண்டியதாகிறது. என்னிடம் வரும் ஓட்டுநர்களில் தவணை தவறியவர்கள் பெரும்பாலும் எண்ணெய் விலையால் தவறவில்லை, இப்படித்தான் தவறியிருக்கிறார்கள். ஆகவே வாரம் 125 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். கார்டு இல்லாத சேமிப்புக் கணக்கு என்றால் இன்னும் நல்லது. அது காடியின் காசு, வீட்டுக்குச் சொந்தமில்லை என்று மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

இப்போது அந்த 560 கிலோமீட்டருக்கு வருவோம். கிலோமீட்டருக்கு 23 சென் என்றால் வாரம் 129 வெள்ளி, மாதம் 550-க்கு மேல். முழுதாக நிறுத்த முடியாது, இந்தத் தொழிலில் காலி ஓட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மாதம் 180 வெள்ளிக்குமேல் மிஞ்சும்.

எங்கே போகிறது என்று வரிவரியாகப் பார்த்தேன். அந்த வாரத்தில் மூன்று தடவை கேஎல்ஐஏ விமான நிலையம் போயிருக்கிறீர்கள். மூன்று தடவையும் ஆள் இல்லாமல் திரும்பியிருக்கிறீர்கள். ஒரு ட்ரிப்புக்கு உங்கள் கைக்கு வந்தது 62 வெள்ளி. காலையிலேயே 62 என்றால் மனதுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் செந்தூலிலிருந்து போக 60, வர 60, ஆக 120 கிலோமீட்டர். ஓட்டச் செலவு மட்டும் 27.60. மிஞ்சுவது 34.40. அதிலிருந்து திரும்பும் டோலையும் கழியுங்கள். பயணியை ஏற்றியதிலிருந்து மறுபடியும் செந்தூலுக்கு வந்து அடுத்த ட்ரிப் எடுக்கும்வரை இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. டோலுக்கு முன்னாலேயே மணிக்கு 14 வெள்ளிக்கும் குறைவு, டோல் போனால் 11 பக்கம் வந்துவிடும். உங்கள் மாதக் கணக்கை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று வகுத்தால் ஓட்டச் செலவு போகச் சராசரி மணிக்கு 12 வெள்ளி வருகிறது. பெரிய ட்ரிப் என்று நீங்கள் காத்திருந்து எடுத்தது உங்கள் சாதாரண நேரத்தைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறது.

அதற்காக விமான நிலையம் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. திரும்பும்போது ஆள் கிடைத்தால் அதைப்போல நல்ல ட்ரிப் இல்லை. விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும் நேரத்தில் போய்ச் சேரும்படியான ட்ரிப்பாக இருந்தால் எடுங்கள், அங்கே வரிசை நீளமாக இல்லை என்றால் இருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆப்பில் போக வேண்டிய திசையைக் குறிப்பிடும் வசதி இருந்தால் அதை இந்த மாதிரித் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விவரத்தைப் பார்த்தால் அதை நீங்கள் இரவில் வீட்டுக்குப் போகும்போதுதான் பயன்படுத்துகிறீர்கள் போலிருக்கிறது. வீட்டுக்குப் போகும் தூரம் பெரும்பாலும் சின்னது, காஜாங்கிலிருந்தோ சைபர்ஜெயாவிலிருந்தோ திரும்பும் தூரம்தான் பெரிது.

அப்புறம் மதியச் சாப்பாடு. நாலு நாள் டாமன்சாரா பக்கத்திலிருந்து சாப்பிடுவதற்காகக் காலியாகச் செந்தூலுக்கு ஓடியிருக்கிறீர்கள். வெளியே சாப்பிட்டால் காசாகும் என்று நினைத்திருப்பீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் போகவர முப்பது கிலோமீட்டர் என்றால் ஏழு வெள்ளி எண்ணெயிலும் டயரிலும் போய்விடுகிறது, நேரம் வேறு. காலையில் கிளம்பும்போதே சோற்றைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிப் இல்லாத நேரத்தில் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றிச் சுற்றி வருவதும் தெரிகிறது. நெரிசலில் ஒரு மணி நேரம் சுற்றினால் 20 கிலோமீட்டர், 4.60 வெள்ளி. ஓரிடத்தில் நிறுத்தி ஏர்கோனைப் போட்டு உட்கார்ந்திருந்தால் இந்த மாதிரிச் சின்ன இஞ்சின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும், அதாவது ஒன்றிலிருந்து இரண்டு வெள்ளி. இஞ்சினை அணைத்துவிட்டு நிழலில் நின்றால் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இஞ்சின் ஓட நிற்கிறீர்கள் என்றால் மாதத்தில் 26-இலிருந்து 52 லிட்டர் அப்படியே போகிறது. மாமாக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு உட்காருங்கள், கோயில் வளாகத்தில் மரத்தடியில் நிறுத்துங்கள். இன்னொன்று, இதைக் கணக்காளராகச் சொல்லவில்லை, அக்காவாகச் சொல்கிறேன்: அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நண்பர் தரும் 180 வெள்ளிக் கருவியை வாங்க வேண்டாம். லைட்டர் துளையில் செருகுவது, எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை என்று எத்தனையோ வந்துவிட்டன. என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களில் வாங்கியவர்கள் பலர், எவருடைய எண்ணெய்ச் செலவும் குறைந்து நான் பார்த்ததில்லை. ரோன் 95 போதும் என்று வடிவமைத்த காடிக்கு ரோன் 97 ஊற்றுவதும் வீண்தான். செலவில்லாமல் பலன் தருவது டயர் காற்று. எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம், எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். நெடுஞ்சாலையில் 110-இல் போவதை 90-க்குக் குறைத்தாலும் எண்ணெயில் நன்றாகவே தெரியும், காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிட வேகமாக ஏறுகிறது.

சர்வீஸைத் தள்ளிப் போடுவதை நிறுத்துங்கள். 10,000-இல் செய்ய வேண்டியதை 15,000-இல் செய்தால் கிலோமீட்டருக்கு ஒரு சென் மிச்சம் மாதிரி தெரியும். மாதம் 6,000 ஓடும் காடியில், அதுவும் பாதி நேரம் நெரிசலில் நின்று ஓடும் காடியில், பழைய இஞ்சின் எண்ணெயை வைத்து ஓட்டினால் இஞ்சினுக்குள் கசடு கட்டும். கணக்குப் பார்க்க வந்த ஒருவர் இதே கணக்கைப் போட்டுத்தான் ஓட்டினார். கடைசியில் இஞ்சினை இறக்க வேண்டியதாயிற்று. பட்டறைச் செலவுக்குமேல் காடி இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களின் வருமானமும் போனது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய டயர் வாங்குவதாக இருந்தால், பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. அப்படிப்பட்டதைத் தொடாதீர்கள், பின்னால் பயணி உட்கார்ந்திருக்கிறார்.

மின்சாரக் காடி. ஆசைப்படுவதில் தப்பில்லை. சொந்த வீட்டு வாசலில் இரவில் சார்ஜ் போட முடிகிறவருக்குக் கணக்கு வேறு. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அடுக்குமாடியாக இருந்தால் வெளியே வேக சார்ஜரில்தான் போட வேண்டும். அங்கே ஒரு கிலோவாட் மணிக்கு ஒரு வெள்ளிக்கு மேல் வாங்குகிறார்கள். சின்ன மின்சாரக் காடி 100 கிலோமீட்டருக்கு 13-இலிருந்து 15 கிலோவாட் மணி எடுக்கும். அதாவது கிலோமீட்டருக்கு 13 சென்னிலிருந்து 15 சென் அல்லது அதற்கும் மேல். உங்கள் பெசாவுக்கு 1.99-இல் எண்ணெய் ஊற்றினால் 13.3 சென்தான். மிச்சம் எங்கே? சர்வீஸ் செலவு குறையும், உண்மைதான். ஆனால் 9 வருடக் கடனின் பாதியில் காடியை விற்றால் விற்கும் விலை பாக்கிக் கடனுக்கே போதாமல் போகலாம், அதற்கு மேல் புதுக் கடன். ஒரு தவணை தவறியிருக்கும் நேரத்தில் எந்த வங்கியும் நல்ல வட்டியில் தராது. எண்ணெய்ச் செலவிலிருந்து தப்பிக்க வேறு வண்டிக்கு மாறுவது என்று எவராவது சொன்னால் எனக்கு என்ஜிவி டாக்சிக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எரிவாயு மலிவு என்று கையில் இருந்த காசைப் போட்டுத் தொட்டி மாட்டினார்கள். 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தீபகற்பத்தில் அந்த வண்டிகளுக்கே இடமில்லாமல் போனது. அந்த வயதான ஓட்டுநர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் கடன் முடியும்போது சார்ஜ் போட வசதியும் இருந்தால் அப்போது பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனைவியின் விவா. செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக்குக்கு எல்ஆர்டி ரயில் நேராகப் போகிறது, மாற வேண்டியதில்லை. இறங்கினால் மஸ்ஜித் இந்தியா நடக்கும் தூரம். குடிமக்களுக்கு மை50 அட்டை 30 நாளைக்கு 50 வெள்ளி, ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். இப்போது பார்க்கிங்குக்கு மட்டும் 25 நாளைக்கு 200 வெள்ளி, எண்ணெய் 50 வெள்ளிக்கு மேல். ஆக மாதம் 200 வெள்ளி மிஞ்சுகிறது. கூடுதல் ஒதுக்கீட்டில் கிடைக்கும் 61-ஐயும் சேர்த்தால் தவணையில் கிட்டத்தட்ட பாதி. கடை மூட நேரமாகும் நாளில் இரவு பத்து மணிக்கு அவர் தனியாக வர வேண்டாம், அன்று கடைசி ட்ரிப்பை அந்தப் பக்கமாக முடித்துக்கொண்டு நீங்கள் அழைத்து வாருங்கள். இதை அவரிடம் உத்தரவாகச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கைக் காட்டி, ஒரு மாதம் போய்ப் பார்க்கிறாயா என்று கேளுங்கள். தினமும் நிற்கப் போவது அவர்தான், முடிவும் அவருடையது.

கடைசியாக வருமான வரி. "நான் வரி கட்டும் அளவுக்கு எங்கே சம்பாதிக்கிறேன்" என்று ஓட்டுநர்கள் எல்லாரும் சொல்வார்கள், நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். இ-ஹெய்லிங் வருமானம் வியாபார வருமானம். சம்பளக்காரர் நிரப்பும் படிவம் இல்லை, பி படிவம் நிரப்ப வேண்டும், கடைசி நாள் ஜூன் 30. மாதம் 5,200 என்றால் வருடத்துக்கு 62,400. செலவுக்கு ஆதாரம் எதுவும் இல்லாமல், உங்களுக்கான 9,000 கழிவும் இரண்டு பிள்ளைகளுக்கான 4,000-உம் மட்டும் போட்டால் வரி 1,464 வெள்ளி வரும். அதே ஆள் எண்ணெய், டயர், சர்வீஸ், காப்புறுதி, டோல் என்று 19,000 வெள்ளிச் செலவை ஆதாரத்தோடு காட்டினால், 400 வெள்ளித் தள்ளுபடியும் சேர்ந்து வரி 62 வெள்ளிதான். கடனில் அசல் தொகையைக் கழிக்க முடியாது, வட்டியைக் கழிக்கலாம். அதைச் சேர்த்தால் 62-உம் இன்னும் இறங்கும். காடியின் விலைக்கே சில வருடங்களுக்கு மூலதனக் கழிவு உண்டு, எந்த வருடத்தில் ஓட்டத் தொடங்கினீர்கள் என்று தெரிந்தால் அதையும் பார்க்கலாம். குடும்பத்தோடு ஈப்போ போனது, கோயிலுக்குப் போனது இவற்றின் பங்கை மட்டும் நேர்மையாகக் கழித்துவிட வேண்டும். அதற்குத்தான் மாத முதல் நாளும் கடைசி நாளும் மீட்டரைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எண்ணெய் நிலையத்தில் தரும் ரசீது வெயிலில் டாஷ்போர்டில் கிடந்தால் சில மாதத்திலேயே எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஊற்றிய கையோடு போனில் படம் எடுத்து, மாதத்துக்கு ஒரு ஆல்பமாகப் போட்டுவிடுங்கள். பட்டறை ரசீதில் காடி எண்ணும் மீட்டர் அளவும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வெளுத்துப்போனவற்றுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையும் நிறுவனத்தின் மாத அறிக்கையும் எடுத்து வைத்தால் போன வருடக் கணக்கை ஓரளவு திரட்டிவிடலாம்.